குதிகால்

மாசானத்தின் உடலைச் சுற்றி நின்றவர்கள் அழுது ஓய்ந்ததும் அந்தப் பழைய கேட்சைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கடைசிப் பந்து, ஜெயிக்க நாலு ரன். தூக்கி அடித்த பந்தை மாசானம் பின்னால் ஓடிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடித்து, எல்லைக்கோட்டருகே விழுந்தான்.

"கொக்கு மீனைக் கொத்துன மாதிரில்லா எடுத்தான்" என்றார் ஒருவர்.

அன்று அடித்த எதிர் ஊர் ஜெபராஜும் வந்திருந்தார். "முப்பத்தெட்டு வருசமா நான் அவுட்டானதக் கொண்டாடுதிய" என்றவர், மாசானத்தின் அண்ணன் பரமசிவத்திடம் திரும்பினார். "கோட்ட மிதிச்சிருந்தா சிக்சர், கோப்பை எங்களுக்கு. மிதிக்கலன்னு கோட்டுல நின்ன நீங்க சொன்னிய. அந்தக் குடும்பத்துல பொய் வராதுன்னு எங்க கேப்டன் வாய மூடிக்கிட்டாரு, அண்ணாச்சி."

பரமசிவம் முதுகு வளையாமல் தலையை மட்டும் அசைத்தார். அன்று தம்பியைத் தூக்கிவிடுவதுபோல் குனிந்து, அவன் இடது குதிகாலில் ஒட்டியிருந்த கோட்டுச் சுண்ணாம்பைத் துண்டால் துடைத்தது அவர்தான். தம்பி கடைசிவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

குளிப்பாட்டத் தண்ணீர் வந்தது. பரமசிவம் கால்மாட்டில் உட்கார்ந்து இடது குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சொம்போடு நின்ற ஜெபராஜ் குனிந்து பார்த்தார். "கால் சுத்தமாத்தான் இருக்கு, அண்ணாச்சி."

"இன்னும் ஒரு சொம்பு ஊத்தும்" என்றார் பரமசிவம்.