அம்மாவுக்கு வேற பேட்ச்

"சார், எங்க அம்மாவைக் காலை பேட்ச்சுக்கு மாத்திடுங்க."

கூடைப்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பி.டி. சார் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"என்கூட வேண்டாம் சார். தனியா ஓடட்டும்."

அவருக்குச் சுருக்கென்றது.

மகள் சேர்ந்த அதே வருடம், அதே கல்லூரியில், அதே வகுப்பில் சேர்ந்தவர் அந்த அம்மா. கல்யாணம், குழந்தை என்று பாதியில் நின்றுபோன படிப்பை, மகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு மறுபடி கையில் எடுத்திருந்தார். அவரும் முதல் வருடம்தான். ஆனாலும் பிள்ளைகள் 'சீனியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

மற்ற பாடங்களில் வெளுத்து வாங்கினார். உடற்பயிற்சிப் பாடம்தான் காலை வாரியது. அதில் ஓர் ஓட்டத் தேர்வு உண்டு. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது.

இரண்டு தடவை ஓடிப் பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் கிளம்பும்போது ஜோராகத்தான் கிளம்பினார். பாதி மைதானம் தாண்டியதும் நின்று நின்று திரும்பிப் பார்ப்பார். அப்புறம் நடைதான்.

"முடியலை சார், வயசாயிடுச்சில்ல?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

போன தடவை வேலிக்கு வெளியே நின்ற பையன்கள், "சீனியர், ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்று கத்தியதும், மகளின் முகம் சிவந்ததும் சாருக்கு நினைவு வந்தது. ஓஹோ, சங்கதி இதுதானா?

"உனக்கு வீசிங் இருக்குன்னு டைம் பார்க்காம விட்டுடறோம். கடைசி ஆளா ஆடி அசைஞ்சு வர்றே. நீ உங்க அம்மாவைப் பார்த்து வெட்கப்படறியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்.

அவள் கண் கலங்கியது. ஆனால் பிடித்த பிடியை விடவில்லை.

"மாத்துவீங்களா, மாட்டீங்களா சார்?"

"மாத்தறேன் போ. உன் மூஞ்சியைப் பார்க்காம அவங்களாவது நிம்மதியா ஓடட்டும்."

அன்று மாலை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அவளே கேட்டாளா சார்?"

"ஆமா."

அந்த அம்மா குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சின்னப் பொண்ணுதானே சார். கூடப் படிக்கறவங்க முன்னாடி கூச்சமா இருக்கும். திட்டிடாதீங்க."

சாருக்கு மகள் மேல் இன்னும் எரிச்சல் ஏறியது.

இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு நாள் காலையில் பெண்களெல்லாம் கோட்டில் வந்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற பெண்களுக்கு அவர் வயதில் பாதிகூட ஆகவில்லை. அந்த அம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். வேலி ஓரத்தில் அந்தப் பையன்களும் ஆஜர்.

சார் விசில் ஊதினார்.

வழக்கம்போல ஜோராகக் கிளம்பினார் அந்த அம்மா. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. சார் ஸ்டாப் வாட்ச்சை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'போச்சு' என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் யார் யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் திரும்பவே இல்லை.

ஒருத்தியைத் தாண்டினார். அடுத்தவளைத் தாண்டினார். கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தவர்களை ஓரமாக ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கால் தரையில் பாவவில்லை. வேலி ஓரத்தில் கிண்டல் அடங்கி, பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அப்புறம் அவர்களில் ஒருவன் வேலியோடு கூடவே ஓட ஆரம்பித்தான்.

"விடாதீங்க சீனியர்! விடாதீங்க!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வகுப்பறை ஜன்னல்களிலெல்லாம் தலை முளைத்தது.

முதல் ஆளாக வந்து கோட்டைத் தொட்டார் அந்த அம்மா!

பெண்கள் அவரை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். "ஐயோ, கீழே விடுங்கடி, விழுந்துடப் போறேன்!" என்று அவர் போட்ட கூச்சலில் அழுகையும் சிரிப்பும் கலந்து கிடந்தன.

"முன்னாடியே ஓடிப் பழக்கமா?" சாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"கல்யாணம் ஆகற வரைக்கும் ஓடிட்டுத்தான் சார் இருந்தேன்."

அப்போதுதான் சார் கவனித்தார். தூரத்தில், சைக்கிள் ஷெட் தூணுக்குப் பின்னால் மகள் ஒளிந்து நின்றிருந்தாள். விடுவிடுவென்று அவளிடம் போனார்.

"நல்லாப் பார்த்தியா? நீ வெட்கப்பட்ட அம்மா எல்லாரையும் ஜெயிச்சுட்டாங்க. இப்பவாவது பக்கத்துல போய் நில்லு!"

அவள் இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு என்ன சார் வெட்கம்? காரணத்தைச் சொல்லியிருந்தா அவங்க பேட்ச் மாறவே ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க."

"என்ன காரணம்?"

"நான் பின்னாடி மூச்சு வாங்கற சத்தம் கேட்டா, அம்மாவுக்கு அதுக்கு மேல கால் நகராது சார்."