அறுபதில் நிற்கும் முள்

“றஞ்சித், மெல்லமாக் கதை. வானுக்குள்ளை மனிசி இருக்கிறா.”

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட இருந்த ரயர்க் கடையில் நின்று பஞ்சலிங்கம் குசுகுசுத்தார். வயது அறுபத்துமூன்று. தேங்காய் களவெடுக்க வந்தவரைப் போல நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“போன கிழமை பஞ்சர் ஒட்டேக்கை வாய்தவறிச் சொன்னியே, அதைத் திரும்ப ஒருக்காச் சொல்லு.”

“வேகம் காட்டுற மீற்றர் எண்ணுறது சில்லு எத்தினை தரம் சுத்துதெண்டதைத்தான் அண்ணை. இப்ப கிடக்கிற ரயர் இருபத்தெட்டு அங்குல உயரம். முப்பத்தொண்டு போட்டால் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் ஓடும். மீற்றருக்கு அது தெரியாது. முள்ளு அறுபதிலை நிக்கும். வான் அறுபத்தாறிலை போகும்.”

“அறுபத்தாறு,” என்று பஞ்சலிங்கம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வாய் இனித்தது.

மனிதரின் கவலை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன், ஆனையிறவுப் பக்கம் இந்தப் போர்வீல் வானைத் தலைகீழாகப் பிரட்டினார். கீறல்கூடப் படாமல் எழும்பி வந்தார். மனைவி ஞானாம்பிகை நேரே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய், இனி இந்த வானின் முள் அறுபதைத் தாண்டாது என்று நேர்த்தி வைத்துவிட்டார்.

வைத்தவர் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். முன் சீற்றில் இருந்து முள்ளையே பார்த்தபடி வருவார். அது அறுபதைத் தாண்டப் பார்த்தால் “இஞ்சாருங்கோ” என்று ஒரு சொல். பஞ்சலிங்கத்தின் கால் தானாக எழும்பிவிடும்.

“பொலிசே எழுபது வரைக்கும் விடுறான், இவ விடுறாவில்லை,” என்று அவர் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

அன்றிலிருந்து அவரை முந்தாத வாகனமும் இல்லை. ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு முந்தியது. வெள்ளிக்கிழமைகளில் சாவகச்சேரிக்கு மகளைப் பார்க்கப் போகும்போது, செல்வநாயகத்தின் வெங்காய லொறி ஹோர்ன் அடித்து, கைகாட்டிவிட்டு முந்தியது. அந்தக் கைகாட்டலைத்தான் தாங்க முடியவில்லை. நாலு சில்லும் இழுக்கிற வானை வைத்துக்கொண்டு வெங்காயத்துக்குப் பின்னால் போவதா?

“முப்பத்திமூண்டு போட்டால் என்ன?”

“திருப்பேக்கை மட்காட்டிலை உரசும். ஆசைக்கும் ஒரு அளவிருக்கு அண்ணை.”

“மனிசிக்கு என்ன சொல்லுறது?”

“வீட்டுக்குப் போற ஒழுங்கைச் சேத்துக்கெண்டு சொல்லுங்கோ. நல்ல பல்லு வைச்ச ரயராத் தாறன்.”

பஞ்சலிங்கம் வானடிக்குப் போய்த் தொண்டையைச் செருமினார்.

“இஞ்சாரும், மாரிக்கு எங்கடை ஒழுங்கை சேறாக் கிடக்குமெல்லே. கொஞ்சம் பெரிய ரயராப் போடுவமோ?”

ஒரு மணித்தியாலம் வாதாட ஆயத்தமாக வந்திருந்தார்.

“போடுங்கோ,” என்றார் ஞானாம்பிகை.

ரயர் ஏறியது. வான் கொஞ்சம் உயர்ந்தது. பஞ்சலிங்கம் அதைவிட உயர்ந்தார்.

அடுத்த வெள்ளி, கைதடி தாண்டியதும் முன்னால் வெங்காய லொறி. முள் அறுபதில். வெங்காய வாசம் கிட்ட வந்தது. பக்கத்தில் வந்தது. பின்னால் போனது. பஞ்சலிங்கம் ஹோர்ன் அடித்துக் கைகாட்டினார். இரண்டு வருடத்துக் கைகாட்டலையும் சேர்த்துக் காட்டினார்.

ஞானாம்பிகை முள்ளைப் பார்த்தார். “அறுபதுதான் நிக்குது. செல்வநாயகத்தாருக்கு இண்டைக்கு என்ன நடந்தது?”

“லொறி பழசாப் போச்சுது,” என்றார் பஞ்சலிங்கம், கண்ணை இமைக்காமல்.

ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்று வெள்ளி இப்படியே போனது. நாலாம் வெள்ளி ஞானாம்பிகை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினார்.

“ரெண்டு வருசமா முள்ளு அறுபதைத் தாண்டேல்லை,” என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கணவரின் கையில் இரண்டு வடையை வைத்தார். “சொல்லுக் காப்பாத்தின மனிசன். சாப்பிடுங்கோ.”

கடவுளையும் மனைவியையும் ஒரே ரயரில் ஏமாற்றியாயிற்று. பஞ்சலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையில் வடையோடே வீதியைக் கடந்து, கோயிலுக்கு எதிரில் இருந்த ரயர்க் கடைக்குப் போனார்.

“றஞ்சித், பழைய ரயரைப் பூட்டு. என்னாலை ஏலாது. அந்த மனிசி என்னை நம்பி வடைமாலை சாத்துறா.”

றஞ்சித் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

“நான் வாய்தவறிச் சொல்லேல்லை அண்ணை. ரீச்சர்தான் வந்து உந்தக் கணக்கை ஒரு கடதாசியிலை செய்து தந்து, உங்கடை காதிலை போடச் சொன்னவ. மட்காட்டையும் அளந்துகொண்டு வந்தவ. முப்பத்தொண்டுக்கு மேலை போடாதை எண்டு சொன்னவ.”

பஞ்சலிங்கம் வடையைப் பக்கத்தில் கிடந்த ரயரின் மேல் வைத்தார்.

“அப்ப நேர்த்தி?”

“முள்ளுக்குத்தானாம் நேந்தது, வானுக்கில்லையாம்.”

“அதை எனக்கு நேரை சொல்லியிருக்கலாமே?”

“நானும் கேட்டனான் அண்ணை. ‘நான் விட்டனெண்டால் அதிலை என்ன உருசி? களவா ஓடினால்தான் அந்த மனிசன்ரை முகத்திலை சிரிப்பு வரும்’ எண்டு சொன்னவ.”