அணுமின் சாலையில் ஒரு கல்லறை

“எல்லாக் கல்லறைக்கும் சம்மதம் கெடச்சிருச்சு, அங்கிள். உங்க மகனோடது ஒண்ணுதான் பாக்கி,” என்றான் பவனேஷ்.

மோட்டார்சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ரெய்மண்ட் நிமிரவில்லை. “முடியாதுலா.”

சுங்கை பெசார் பக்கம் கடலோரத்தில் அணுமின் நிலையம் கட்டத் திட்டம். அதற்கான சாலை செம்பனைத் தோட்டத்துக் கல்லறைகளின் மேல் போகிறது. கடன் தரவிருப்பது ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி. அணுமின்சாரத்துக்கு அது கடன் தருவது இதுதான் முதல் தடவை. ஒரு விதியையும் தளர்த்த மாட்டார்கள். சம்மதம் வாங்குவது பவனேஷின் வேலை.

“அணு உலைன்னா பயமா, அங்கிள்?”

“இந்த வயசுல எனக்கென்ன பயம்? கரண்டு வரட்டும். ரோட்டை வளைச்சுப் போடு.”

“வளைச்சா எல்லாமே லேட்டாகும். உங்க ஒருத்தருக்காக வெளிநாட்டு பேங்கே காத்துக்கிட்டு நிக்குது. புதுக் கல்லறை கட்டித் தருவாங்க. பாதர் ஜெபம் பண்ணி, பெத்தவங்க கண்ணு முன்னாலதான் பெட்டியத் தெறப்பாங்க. மரியாதைக்காக பேங்க் போட்ட ரூல் அது. சரி, ஆன்ட்டி என்ன சொல்றாங்க? அவங்களையும் கேக்கணும்.”

எண்ணெய்க் குப்பி கவிழ்ந்தது. ரெய்மண்ட் அவனை ரம்புத்தான் மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

“அவகிட்ட வாயத் தெறக்காதே. பெட்டிக்குள்ள எலியட் இல்லப்பா. கடல்ல படகு கவுந்து போனவன் கெடைக்கவே இல்ல. வெரோனிக்கா படகுத்துறையே கதின்னு கெடந்தா. எந்தப் படகு வந்தாலும் ஓடுவா. ‘பாடி கெடச்சிருச்சு, பாக்குற மாதிரி இல்ல’ன்னு பொய் சொன்னேன். பாதருக்கு மட்டும் தெரியும். அவன் சட்டை, சப்பாத்தை வெச்சுப் பெட்டிய மூடினோம். அப்புறந்தான் அவ வீட்டுக்கு வந்தா. இப்பத் தெறந்தா, மறுபடியும் கரையில போய் உக்காந்துருவா.”

பவனேஷ் சம்மதப் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, “சம்மதம் இல்லன்னு சொல்லிடறேன், அங்கிள். ஆன்ட்டியக் கேக்கல,” என்றான்.

சாலையோரம் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் வெரோனிக்கா நின்றிருந்தார். கையில் ஒரு பை ரம்புத்தான் பழம்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, தம்பி. அவரு முடியாதுன்னுட்டாரா?”

“ஆமா, ஆன்ட்டி.”

“நல்லது. நானும் அதேதான் சொல்றேன். அவரு முன்னால அந்தப் பெட்டியத் தெறந்துராதீங்க.”

“ஏன்?”

வெரோனிக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்காகச் சொன்ன பொய். நான் நம்பிட்டேன்கிற நெனப்புலதான் அவரு தூங்குறாரு. ஆறடிப் பிள்ளையோட பெட்டி, தம்பி. அவ்வளவு தூரம் சுமந்தும் எங்கண்ணனுங்க ஒருத்தர்கூடத் தோள் மாத்தலையே!”