மாவு ஊறும் நேரம்

கழுத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வீங்கியிருப்பது வலது கை. ஆனாலும் கழுத்தில் இருந்துதான்.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் அவன் விரல்களை வைத்தான். தோல் மட்டும் அசைந்தது. உள்ளே எதுவும் அமுங்கவில்லை.

அவன் மனைவி நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மார்பின் குறுக்கே ஒரு துண்டு. அதன் முனையை இறுகச் செருகியிருந்தாள்.

கடையில் மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறான். அது ஊறுகிற நேரம்தான் இவள் கைக்கு.

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். பரோட்டா மாஸ்டர் என்றால் இவன்தான். சுட்ட பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் இவன் அடிக்கிற சத்தத்துக்கே பசி வரும் என்பார்கள். அந்தக் கைகளைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே. உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அந்தத் திமிர்தான் முதலில் காரியத்தைக் கெடுத்தது.

புற்று என்று சொல்லி அவளுடைய வலது மார்பை எடுத்தபோது, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வடிய வழியில்லாத நீர் கையில் தங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஜெசிந்தா, நீவிவிட்டால் குறையும், வீட்டிலும் செய்யுங்கள் என்றாள்.

நீவுவதா? அதை நமக்கு ஒருத்தி சொல்லித்தர வேண்டுமா?

அன்றைக்கே நல்லெண்ணெயைச் சுடவைத்தான். மைதா பிசைகிற பிசை பிசைந்தான். விடிந்து பார்த்தால் கை சிவந்து, முன்னைவிட உப்பியிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. இனிமேல் என் கைப்பக்கம் வராதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஜெசிந்தாதான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். எண்ணெய் கூடாது. சூடு கூடாது. அழுத்தவே கூடாது. நீர் தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே நிற்கிறது, தோலை நகர்த்தினால் போதும். வீங்கிய கைக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். முதலில் கழுத்து, அப்புறம் நல்ல பக்கத்து அக்குள், அங்கே நீர் போய்ச் சேர மார்பின் குறுக்கே ஒரு வழி, அதற்குப் பிறகுதான் கை. பழைய கை திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், குறையும், குறைந்ததைக் கட்டுப் போட்டுத் தினமும் காப்பாற்ற வேண்டும் என்றாள்.



மறுநாளில் இருந்து, ஊறிய மாவு உருண்டைகளின் மேல் கை வைத்துப் பழகினான். மேல்தோல் நகர வேண்டும். விரல் தடம் விழக் கூடாது. மாஸ்டர் மாவைக் கொஞ்சுகிறார் என்று சப்ளையர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தடம் விழாத நாள் வந்தபோது, கல்லாவில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் புறங்கையில் வைத்துக் காட்டினான். அவளுக்கு விளங்கியது. மறுபடியும் தொட விட்டாள்.

துண்டை மட்டும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்ததில் இருந்து அவள் அவன் எதிரில் சேலை மாற்றியதில்லை. அந்தத் தழும்பை ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். இவன் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

கழுத்து, இடது அக்குள், அங்கிருந்து நேராகக் கைக்குத் தாவிவிடுவான். நடுவில் ஒரு வழி விட்டுப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் கை ஓரளவுக்கு மேல் வற்ற மாட்டேன் என்கிறது என்பதும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இன்றும் அப்படியே முடித்தான். கட்டுத்துணிச் சுருளை எடுத்தான்.

அவள் சட்டென்று எழுந்து போனாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது.

அவன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்காக நீவினால் சிலருக்கு உடனே ஒன்றுக்கு முட்டும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். இத்தனை நாளும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெண்டாட்டி ஒன்றுக்குப் போனதற்கு ஊரில் எவனாவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? இவன் உட்கார்ந்திருந்தான். பரிசுக்கோப்பை ஒன்றுதான் கையில் இல்லை.

திரும்பி வந்தவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் கட்டுத்துணியைப் பிரித்தான். அவள் கையை நீட்டவில்லை.

செருகியிருந்த முனையை இழுத்தாள். துண்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு எடத்த விட்டுட்டீங்க" என்றாள். "அதையும் பாருங்க."

அவன் கைகளில் எண்ணெய் இல்லை. ஈரமும் இல்லை. இருந்தும் கைலியில் துடைத்துக்கொண்டான்.

அவள் தலை குனியவில்லை. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.