நிற்காத மந்திரம்

ஆவுடையப்பன் தனியாக வாழ்ந்தவர். தினமும் காலையில் ஒரே மந்திரத்தை ஓயாமல் ஒலிக்கும் மின்சார மந்திரப் பெட்டியைப் போட்டுவிட்டு, ருத்திராட்ச மாலையை உருட்டியபடி அதோடு சேர்ந்து "ஓம் நமசிவாய" என்று பாடுவார்.

ஒருநாள் பாதி ஜெபத்தில் அவர் சரிந்து விழுந்தார்.

விரல்களில் சிக்கியிருந்த ருத்திராட்சம் பதறியது. "பெட்டி, உடனே நிறுத்து! சத்தம் கேட்காவிட்டால்தான் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வந்து பார்ப்பார்கள்."

"எனக்கு மட்டும் ஆசையா? அவர் எழுந்து வந்து பொத்தானை அமுக்கினால்தானே நான் நிற்க முடியும்?" என்று மந்திரத்துக்கு நடுவே பெட்டி அழுதது.

சுவருக்கு அந்தப் பக்கம், அவருக்கு இட்லி கொடுக்கக் கிளம்பிய கணவனை மனைவி தடுத்தாள். "இன்னும் ஜெபம் முடியலைங்க. இப்பப் போய் தொந்தரவு பண்ணாதீங்க."

மத்தியானம்வரை அவருக்கு மூச்சு இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் ருத்திராட்சம் எண்ணிக்கொண்டே கிடந்தது.