ஏழாவது பெயர்

"செத்துப்போனவர்கள் எப்படி, கௌரவ உறுப்பினர் அவர்களே, காலையில் எழுந்து வேலைக்கு வருவார்கள்?"

அமைச்சர் கேட்டு முடிப்பதற்குள் பாராளுமன்றமே சிரித்துவிட்டது. எதிர்க்கட்சி வரிசையில்கூட இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரஷாந்தினிக்கு முகம் சுண்டிப்போனது. பதுளை மாவட்டத்திலிருந்து முதல்முறை சபைக்கு வந்தவள். இரண்டு மாதத்துக்கு முன் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து ஏழு ஆண்கள் புதைந்துபோனார்கள். ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை. மிச்ச மலையும் வெடித்துப்போய் நிற்கிறது. அதற்குக் கீழேதான் அவர்களுடைய குடும்பங்கள் இன்னும் லயம் எனும் வரிசை வீடுகளில் படுத்துத் தூங்குகின்றன. அவர்களுக்கு வேறிடத்தில் வீடு எப்போது? அவள் கேட்டது அவ்வளவுதான்.

"வீடு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு" என்றார் அமைச்சர், கையிலிருந்த தாளை ஆட்டியபடி. "இது தோட்டத்துப் பதிவேடு. நீங்கள் சொல்லும் ஏழு பேரும் நேற்றுவரை வேலைக்கு வந்திருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை என்றால் வீடு யாருக்கு?"

"அது பொய்ப் பதிவு! வெள்ளிக்கிழமை நிரூபிக்கிறேன்!"

"தாராளமாக. ஆனால் ஏழு பேரின் சாவையும் நிரூபியுங்கள். அதில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் உங்கள் பட்டியலே பொய்."

அன்றே தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். சாவை மறைக்கத் தோட்ட நிர்வாகம்தான் இந்தத் தில்லுமுல்லைச் செய்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணி. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அப்படியொரு பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கணக்குப்பிள்ளை ராமாமிர்தம் குடைக்குள் நின்று, புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

"சிவஞானம்!"

"இருக்கேங்க." பெண் குரல்!

"ரமணன்!"

"இருக்கேங்க." அதுவும் பெண்தான்.

செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிரஷாந்தினி விரல்விட்டு எண்ணினாள். ஆறு பெயர், ஆறு பெண் குரல்கள். அடப்பாவிகளா, இப்படியும் ஒரு அநியாயமா!

"பொன்னையா!"

கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து யாரோ இரண்டு தரம் இருமினார்கள்.

"இருக்கேங்க."

கரகரத்த ஆண் குரல். ஓகோ, இதற்கென்று ஒரு ஆம்பளையையும் பிடித்து வைத்திருக்கிறார்களா? அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விறுவிறுவென்று களத்துக்குள் போய் நின்றாள்.

"நல்லா இருக்குங்க ஐயா உங்க பெரட்டு! தெரிஞ்சேதானே எழுதுறீங்க?"

ராமாமிர்தத்தின் பேனா நின்றது. ஆனால் அவர் தலை நிமிரவில்லை. "பதில் வந்தா எழுதுறதுதாங்க என் வேலை. பதில் சொல்றது யாருன்னு நான் நிமிந்து பாக்குறதில்ல."

"அவர ஏசாதீங்க மேடம்." ஒரு பெண் முன்னால் வந்தாள். செத்துப்போன சிவஞானத்தின் மனைவி கருப்பம்மா. "யாரும் எங்கள சொல்லச் சொல்லல. நாங்களாத்தான் சொல்றோம்."

"ஏன்க்கா இப்படி?"

"லயத்துல நாங்க குடியிருக்கிற காம்பரா அவங்க பேருல இருக்கு. எங்க பேரு செக்ரோல் பதிவேட்டுலயே இல்ல. அவங்க பேர வெட்டிட்டா, மறுமாசமே காம்பராவ விடுன்னு வந்து நிப்பாங்க. புள்ளைகள இழுத்துக்கிட்டு நாங்க எங்க போறது? அதான், அவங்க பேருல வந்து நாங்க கொழுந்து பறிக்கிறோம்."

பிரஷாந்தினியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அந்த மலை மறுபடி இறங்கினா காம்பராவும் இருக்காது, புள்ளைகளும் இருக்காதுங்க அக்கா. நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. புது வீடு கிடைக்கிற வரைக்கும் ஒருத்தரையும் வெளிய போட விடமாட்டேன். இது என் பொறுப்பு."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருப்பம்மாதான் முதலில் பேனாவை வாங்கினாள். 'என் புருசன் செத்துப்போனது உண்மை' என்ற வரிக்குக் கீழே பெயரை எழுதும்போது உடைந்து அழுதாள். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் போட்டார்கள்.

"ஆறாச்சு. பொன்னையாவுக்குப் பதில் சொன்னாரே, அவரக் கூப்பிடுங்க. ஏழுல ஒண்ணு குறைஞ்சாலும் அமைச்சர் அதையே பிடிச்சுக்குவார். எல்லார் வீடும் போயிடும்."

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் பனியைத் தவிர ஒன்றுமில்லை.

"பொன்னையாவோட சொந்தக்காரரா?"

"அவருக்கு யாரும் இல்லைங்க. தனிக்கட்டை" என்றாள் கருப்பம்மா.

"அப்ப அது யாரு? பயப்படாம வரச் சொல்லுங்க அக்கா."

ராமாமிர்தம் புத்தகத்தை மூடினார். கருப்பம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"மண்ணு சரிஞ்ச மறுநாளு, கணக்குப்பிள்ளை ஐயா பழக்கத்துல ஏழு பேரையும் கூப்பிட்டுட்டாருங்க. எங்களுக்கு வாயே தொறக்கல, அழுதுகிட்டு நின்னோம். கடைசிப் பேருக்கு மட்டும் அவரோட அந்த இருமலும் பதிலும் வந்துச்சு. அதக் கேட்ட பொறகுதான் மேடம், மத்த ஆறு பேருக்கும் நாங்க பதில் சொல்ல ஆரம்பிச்சோம்."