போதும் அக்கா

மொட்டைக் கடிதாசி மேனேஜரின் மேஜை மேல் விரிந்து கிடந்தது.

“நான் படிச்சுக் காட்டவா, நீங்களே படிக்கிறீங்களா?” என்றார் மேனேஜர்.

போதும் அக்கா கை நீட்டி வாங்கிப் படித்தாள். அவசரமே இல்லாமல், வரி விடாமல் படித்தாள்.

கூடவே கூப்பிடப்பட்டிருந்த ரெண்டாம் டேபிள்காரி, அக்காவின் கண் எந்த வரியில் நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கோணல் மாணலாக எழுதி, மூன்று தெரு தள்ளிப் போய்த் தபாலில் சேர்த்தவளே அவள்தான். இப்போது திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

இருவருக்கும் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிசிறு, பட்டன் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஒன்பது வருஷமாக எதிரெதிர் மேஜை. இப்போது சூப்பர்வைசர் இடம் காலி. வரிசைப்படி பார்த்தால் மூத்தவளான அக்காவுக்குத்தான் போக வேண்டும்.

எதைக் கேட்டாலும் “எனக்கு இதுவே போதும்” என்று சொல்லிச் சொல்லியே பட்டப்பெயர் வாங்கினவளுக்கு எதற்குப் பதவி? ரெண்டாம் டேபிள்காரியின் நியாயம் அது. இவளோ டீ குடிக்கக்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவள். முன்னுக்கு வர வேண்டாமா?

“தினமும் டீ நேரத்துல பின் கேட் வழியா வெளியே போறீங்களாம். பத்து நிமிஷ இடைவேளைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கிறீங்களாம். கையில பொட்டலம் வேற. நிஜமா?”

“நிஜம்தான் சார்.”

“பொட்டலத்துல என்ன? நம்ம துணியா?”

“ஐயோ, இல்ல சார். மதியம் நான் சாப்பிட்டது போக மீதி.”

“அது யாருக்கு?”

அக்கா சட்டென்று தலையைத் திருப்பி ரெண்டாம் டேபிள்காரியைப் பார்த்தாள்.

‘போச்சு, கண்டுபிடிச்சுட்டா!’ இவள் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா மறுபடி மேனேஜரிடம் திரும்பினாள். “அதை மட்டும் கேக்காதீங்க சார். அது இன்னொருத்தர் விஷயம். வெளியே சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்.”

“இங்க பாருங்கம்மா. உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. யாருன்னு சொல்லிட்டீங்கன்னா இந்தக் கடிதாசியைக் கிழிச்சுக் குப்பையில போடறேன். சூப்பர்வைசர் நீங்கதான்.”

“வேணாம் சார்.”

“என்ன வேணாம்?”

“பதவி வேணாம். இருக்கிற வேலையே போதும்.”

மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அதுவும் இருக்கணும்ல? இன்னொரு தடவை வேலை நேரத்துல அந்த கேட்டைத் தாண்டினா, அப்படியே வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்.” இவள் பக்கம் திரும்பினார். “இனி நீங்கதான் சூப்பர்வைசர். முதல் வேலையா இவங்க மேல ஒரு கண்ணு வைங்க.”

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“ரொம்ப நாள் ஆசை, நிறைவேறிடுச்சு. சந்தோஷம்தானே?”

“ம்” என்றாள் இவள். கையை உருவிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்ட சொல்லு. குதிப்பா.”

“அவளுக்கு ஏதுக்கா நேரம்? ஸ்கூல் விட்டா பக்கத்துத் தெருவுல டியூஷன், டியூஷன் விட்டா கோச்சிங். டாக்டராகறதுன்னா சும்மாவா?”

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

மூன்று ஐம்பதுக்கு டீ மணி அடித்தது. நான்கு மணிக்கு எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தாயிற்று. அக்காவின் நாற்காலி மட்டும் காலி.

என்ன நெஞ்சழுத்தம்! காலையில் அவ்வளவு சொல்லியும் போயிருக்கிறாள். இனி பாவம் பார்த்துப் பயனில்லை. கையும் களவுமாகப் பிடித்து மேனேஜர் முன்னால் நிறுத்திவிட்டால், எழுதினது பொய்யில்லை என்றாவது ஆகும். தன் மனசுக்கும் ஒரு சமாதானம்.

ரெண்டாம் டேபிள்காரி விறுவிறுவென்று கிளம்பினாள். துணி மூட்டைகளைத் தாண்டி, இஸ்திரி போடுகிற இடத்தைத் தாண்டி, முதல் முறையாகப் பின் கேட்டுக்கு வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

வெளிப்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“மெதுவா, மெதுவா. விக்கிக்கப் போகுது” என்றாள் அக்கா. “கண்ணு, நாளையிலேருந்து நான் வர முடியாது.”

“ஏன் பெரியம்மா?”

குரலைக் கேட்டதும் ரெண்டாம் டேபிள்காரியின் கை கதவிலேயே உறைந்துபோனது. பெற்றவளுக்குத் தெரியாதா?

“வேலை கூடிப்போச்சு, அதான். இதோ பாரு, உங்க அம்மாவுக்கு இன்னைக்குப் பெரிய பதவி கிடைச்சிருக்கு. நல்ல மனசோட இருப்பா. ரெண்டு பாடத்துல ஃபெயிலானதை இன்னைக்கே சொல்லிடு. எத்தனை நாளைக்கு என் மடியில அழுதுட்டு, அவ முன்னாடி சிரிச்சுட்டு இருப்பே? அவ ஓடறதெல்லாம் உனக்காகத்தான்.”

“தெரியும் பெரியம்மா. ஆனா வாசல்லயே நிறுத்தி ‘எத்தனை மார்க்?’னு கேப்பாங்க. உள்ள கூப்பிட்டு ‘ஏன்டா வாடியிருக்கே?’ன்னு கேக்க, நீங்களும் இல்லேன்னா நான் யார்கிட்ட போவேன்?”